பெறுநர் எமல்டா

ஜூன் 5, திங்கள்

இன்சூரன்ஸ்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து நேற்று வரை காலியாகத்தான் கிடந்தது. எதையும் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை, தேவையும் இருந்ததில்லை. ஆர்.எம்.எஸ்ஸில், அதாவது ஓடுகிற ரயிலில் நின்றபடியே தபால் பிரிக்கிற வேலையில், தலைமுடி நரைக்கும் வரை இருந்தவன் நான். ஊர்ப் பெயரைச் சொன்னால் பின்கோடு சொல்வேன். பட்டுக்கோட்டையா? 614601. ஞானப்பிரகாசம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

இன்றைக்கு டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "அம்மா எதையெல்லாம் மறக்கறாங்கன்னு தேதி போட்டு எழுதிட்டு வாங்க ஐயா" என்றார். அம்மா என்றது என் மனைவி எமல்டாவை.

எங்கள் மகள் ஜெசிந்தா கோயம்புத்தூரில் பேங்கில் இருக்கிறாள். போன மாதம் வந்தவள், அவள் அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதைக் கவனித்துவிட்டாள். ஏப்ரலில் காந்தி மார்க்கெட் வாசலில், வீட்டுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எமல்டா நின்றதை நான் மகளிடம் சொல்லவில்லை. அன்றைக்கு வெயில் அப்படி. யாராக இருந்தாலும் நின்றிருப்பார்கள்.

டாக்டரிடம் வா என்றால் எமல்டா வர மாட்டாள். அதனால் "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேர்த்து செக்கப், ஒரு ஆளுக்குப் பாதி விலை" என்று ஜெசிந்தா ஒரு புளுகு புளுகி எங்களை இழுத்துப்போனாள். போன வாரம் என் தலையையும் ஸ்கேன் குழாய்க்குள் விட்டார்கள். அப்புறம் ஞாபகப் பரீட்சை. குடை, மாம்பழம், நீலம், யானை, சாவி என்று ஐந்து வார்த்தை சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். நான் முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை ஒப்பித்தேன். எமல்டா, "யானை ஞாபகம் இருக்கு டாக்டர். அவ்ளோ பெருசை யாரு மறப்பாங்க?" என்றாள். நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்தோம். மற்ற நாலைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

இன்றைக்கு முடிவு சொல்லும் நாள். டாக்டர் பெயர் இளம்பரிதி. நல்ல பையன்தான், ஆனால் பஞ்சில் பொதிந்த மாதிரி பேசுகிறவர். உட்கார்ந்ததும் காகிதங்களைப் புரட்டினார். எமல்டாவைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, வெளிய சிஸ்டர்கிட்ட ஒரு தடவை எடை பாத்துட்டு வந்துடுறீங்களா?"

"இப்பத்தானே பாத்தாங்க."

"இன்னொரு தடவை பாத்துடலாம்மா."

எமல்டா என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், எழுந்து போனாள். கதவு சாத்தியதும் டாக்டர் குரலை இன்னும் தாழ்த்தி, அல்சைமர், ஆரம்பக் கட்டம், மறதி கூடிக்கொண்டே போகும், மாத்திரை கொஞ்ச நாளைக்குத் தாக்குப்பிடிக்க உதவும், குணமாக்காது என்றார். "அவங்ககிட்ட இப்ப சொல்ல வேணாம் ஐயா. மனசு உடைஞ்சிடுவாங்க. நம்மளுக்குள்ள இருக்கட்டும்." ஜெசிந்தா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு டாக்டர் மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டை எடுத்து எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை.

எமல்டா திரும்பி வந்தாள். "எடை அதேதான். என்ன சொன்னாரு?"

அவள் கேட்கிற விதம் அப்படி. திருச்சி ஜங்ஷனில் அறிவிப்பாளராக இருந்தவள். ரயில் நாலு மணி நேரம் தாமதம் என்றால் மைக்கில் நாலு மணி நேரம் என்றே சொல்வாள். "கொஞ்சம் தாமதம்னு சொல்லும்மா, ஜனம் கத்தும்" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கெஞ்சுவார். "கத்திட்டு இட்லி சாப்பிடப் போயிடுவாங்க சார். சொல்லலைன்னா பட்டினியா நிப்பாங்க" என்பாள். அந்தக் குரலை மெயில் வண்டிக்குள் இருந்து கேட்டுத்தான் நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

அப்படிப்பட்டவளிடம் யார் பொய் சொல்வது? டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தாள். என் வாய் தானாகத் திறந்தது.

"எனக்குத்தான். எனக்குத்தான் மறதி வியாதியாம்."

டாக்டருக்குப் புரையேறியது. ஜெசிந்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாம்மா, அப்பாவுக்குத்தான்" என்றாள். டாக்டரும் தலையாட்டித் தொலைத்தார்.

எமல்டா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியா?" என்றாள். "சரி, வாங்க வீட்டுக்குப் போவோம். வழி எனக்குத் தெரியும்."

ஜூன் 6, செவ்வாய்

நடிப்பு ஆரம்பம். எமல்டாவுக்கான மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தாயிற்று. எனக்கான "மறதி மாத்திரை" உண்மையில் சத்து மாத்திரை. காலையில் "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன். "செவ்வாய். அந்தோணியார் நவநாள்" என்றாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டேன். "செவ்வாய்." பொறுமையாகச் சொன்னாள். மூன்றாவது தடவை கேட்டபோது, "ஒரே மாதிரி கேட்டா அலுக்காதா? வேற ஏதாவது மறங்களேன்" என்றாள்.

ஜூன் 8, வியாழன்

மூக்குக் கண்ணாடியை அரிசி டின்னில் ஒளித்து வைத்துவிட்டு, "கண்ணாடி எங்க? கண்ணாடி எங்க?" என்று வீட்டைச் சுற்றினேன். அதற்குள் எமல்டா டின்னை அலமாரிக்கு மாற்றிவிட்டாள். எந்த டின் என்று எனக்கே குழம்பிவிட்டது. கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லி மாளாது. கடைசியில் உளுந்து டின்னில் இருந்தது. உளுந்துக்கு எப்படிப் போயிற்று என்று இன்னும் தெரியவில்லை.

டாக்டருக்காக எழுத வேண்டியது: எமல்டா சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டாள். நல்லா இருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டேன். தண்ணீர் நிறையக் குடித்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

அந்தோணியார் திருநாள். தொலைந்து போன பொருளையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர். எங்கள் தெருவின் அன்பியம், அதாவது பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டம், இன்றைக்கு எதிர்வீட்டு மதலேன் வீட்டில். எமல்டா அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மதலேனிடம் சொன்னால் கோயில் மணியில் சொன்ன மாதிரி.

மன்றாட்டு நேரத்தில் மதலேன் கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொல்கிறாள். "எங்கள் ஞானப்பிரகாசம் அண்ணன் தொலைத்துவிட்ட ஞாபகத்தை, புனித அந்தோணியாரே, நீர் தேடிக் கொடுக்க வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்." எல்லோரும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

நான் உட்கார்ந்திருக்கிறேன், முழு ஞாபகத்தோடு. யார் யார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள் என்பது உட்பட.

கூட்டம் முடிந்ததும் மதலேன் என் முகத்துக்கு அருகில் குனிந்து, செவிடனிடம் பேசுகிற மாதிரி கத்தினாள். "அண்ணே! நான் யாரு, தெரியுதா?"

"தெரியாம என்ன? ஈஸ்டருக்கு வாங்கிட்டுப் போன இட்லிக் குண்டானை இன்னும் திருப்பித் தராத மதலேன்."

எமல்டா என் தொடையைக் கிள்ளினாள். மதலேன் அசரவில்லை. "பாவம், பழசு மட்டும் நல்லா நினைப்பிருக்கு" என்று மூக்கைச் சிந்தினாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு என் பேரில் வெள்ளியில் ஒரு தலை வாங்கிக் காணிக்கை போடுகிறாளாம். வேண்டுதலுக்குக் கை, கால், கண் போடுவார்கள். என் தலையெழுத்து, தலையே போகிறது.

ஜூன் 25, ஞாயிறு

பூசையில் முதல் வாசகம் வாசிப்பவன் நான்தான். நெபுகத்னேசர் என்ற பெயரை மூச்சு வாங்காமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் கோயில் பங்கில் நான்தான் என்று பழைய சாமியாரே சொல்லியிருக்கிறார். இன்றைக்குப் போய் நின்றால், புதுச் சாமியார் என் தோளில் கை போட்டு, "நீங்க உக்காந்து ஜெபிச்சா போதும் ஐயா" என்கிறார். என்னிடம் கேட்கவில்லை. எமல்டாவிடம் கேட்டிருக்கிறார். "ஐயாவுக்குக் கஷ்டமா இருக்குமாம்மா?" என்று. நான் பக்கத்தில் நிற்கும்போதே!

மதலேனின் மருமகன் வாசித்தான். எரேமியா வாசகத்தை ஏலம் விடுகிற மாதிரி கத்தினான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கத்தினேன். "என்னைப் பத்தி என்கிட்ட கேக்க மாட்டானுங்களா? நான் என்ன பார்சலா?"

எமல்டா நடந்துகொண்டே, "கோவமா வருதா?" என்றாள்.

"வராதா பின்னே!"

"வரும்" என்றாள்.

ஜூலை 5, புதன்

மறுபடி ஆஸ்பத்திரி. ஜெசிந்தாவுக்கு லீவு இல்லை, நாங்கள் இருவர் மட்டும். முதலில் எனக்குப் பரீட்சை. டாக்டரும் நாடகத்தில் இருக்கிறார் அல்லவா, என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். வேறு ஐந்து வார்த்தை. கேட்டபோது ஐந்தையும் மறந்துவிட்டதாகச் சொன்னேன். டாக்டர் குனிந்து, "அஞ்சையுமா? ஒண்ணு ரெண்டாவது சொல்லுங்க ஐயா, நம்புற மாதிரி இருக்கட்டும்" என்று கிசுகிசுத்தார். "விளக்கு" என்றேன்.

அடுத்து எமல்டாவுக்கு. எப்படி எழுதினாள் என்று பார்க்க விடவில்லை. முடிந்து மூவரும் உட்கார்ந்தோம். எமல்டா திடீரென்று, "டாக்டர், இவரு போய் எடை பாத்துட்டு வரட்டுமே" என்றாள்.

டாக்டர் விழித்தார். நான் விழித்தேன். மறுக்க முடியுமா? நோயாளி நான்.

வெளியே போய் எடை மெஷினில் ஏறி நின்றேன். நர்ஸ், "இப்பத்தானே தாத்தா பாத்தீங்க" என்றாள். "இன்னொரு தடவை பாரும்மா" என்றேன். முள் அசையவில்லை. கதவு திறக்கவும் இல்லை. உள்ளே என்ன பேசுகிறார்கள்? என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்வாள்? எனக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் இறங்கிப் போய்க் கதவில் காதை வைக்கலாமா என்று இருந்தது. ஒன்றும் இல்லாத எனக்கே இப்படி. எடை மெஷினில் நான் நின்ற நேரத்துக்கு ஒரு மூட்டை அரிசியை நிறுத்திருக்கலாம்.

அவள் வெளியே வந்தாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. ஏ.சி. ஒத்துக்கொள்ளாது அவளுக்கு.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லா இருக்காம்."

போன தடவை இதே கேள்வியை அவள்தான் கேட்டாள்.

ஜூலை 9, ஞாயிறு

எமல்டாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. அதிகாரம் தாங்கவில்லை. என் மூளைக்குப் பயிற்சி வேண்டுமாம், டாக்டர் சொன்னாராம். இன்றைக்கு மீன் குழம்பு என் கையால். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "புளி கம்மி", "மஞ்சள் எங்க?", "மீனைப் போட்டப்புறம் கரண்டியால கிண்டாதீங்க, சட்டியைப் புடிச்சு ஆட்டுங்க" என்று மைக் இல்லாமலே அறிவித்துக்கொண்டிருந்தாள். உப்புப் போட்டாயிற்றா என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் போட்டாச்சு என்றேன். குழம்பு தேறியது. "இனிமே ஞாயித்துக்கிழமை மீன் உங்க பொறுப்பு" என்றாள்.

ஜூலை 17, திங்கள்

கேஸ் புக் பண்ணுவது, பால்காரருக்குச் சொல்வது, ஜெசிந்தாவிடம் எந்த நேரத்தில் பேசினால் கத்த மாட்டாள் என்பது, எல்லாம் எனக்குப் பாடம். சொல்லிக்கொடுத்துவிட்டு ஒப்பிக்கச் சொல்கிறாள். மறதிக்காரனுக்கு இவ்வளவு பாரமா ஏற்றுவார்கள்?

ஜூலை 21, வெள்ளி

இன்றைக்குப் பீரோ. அவள் சேலைகள் ஒவ்வொன்றையும் எடுத்து, இது பிடிக்கும், இது பிடிக்காது என்று எனக்குச் சொல்கிறாள். "இந்த மாம்பழக் கலர் உங்க அக்கா கொடுத்தது. யாராவது இதை எனக்குக் கட்டிவிட்டா விடாதீங்க."

"உனக்கு ஏன் இன்னொருத்தர் கட்டிவிடணும்? கிறுக்கா?"

"சும்மா ஞாபகத்துல வச்சுக்கங்க. பயிற்சி."

அப்புறம் தலை பின்னக் கற்றுக்கொடுத்தாள். விரலுக்கு நல்லதாம். தபால் கட்டுகளுக்குச் சணல் போட்டு முடிந்த கை இது, பின்னல் ஒரு பெரிய விஷயமா? முதல் பின்னல் கோணிக்கொண்டது. மூன்றாவது நேராக வந்தது. அவள் கண்ணாடியில் பார்த்து, "தேவலை, மெயில் பை மாதிரி இல்ல" என்றாள். தலைமுடி எவ்வளவு குறைந்துவிட்டது! கல்யாணத்தின்போது என் மணிக்கட்டுப் பருமன் இருந்த பின்னல். வெங்காயம் நறுக்கின கையால் கண்ணைத் தொட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். இன்றைக்குக் குழம்பில் வெங்காயம் இல்லை. அவள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

வாக்கிங் போனேன். தெருமுனைக்குப் போவதற்குள் இஸ்திரிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு பேர், மதலேன் என்று என்னை "வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்". நான்கு தடவை கிளம்பினேன், நான்கு தடவையும் ஊர்வலமாகத் திரும்பினேன். எமல்டா வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

ஆகஸ்ட் 12, சனி

புதுத் தபால்காரர் மதலேன் வீட்டுத் தபால் ஒன்றை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்! தெருவில் ஓடிப் பிடித்தேன். "பெறுநர்னு போட்டு எவ்ளோ தெளிவா எழுதியிருக்கு! ஒருத்தர் தபாலை இன்னொருத்தர் கையில குடுக்கலாமா? எங்க காலத்துல இதுக்கு மெமோ குடுப்பாங்கய்யா!" பாவம், அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

உள்ளே வந்து இன்னும் பொருமிக்கொண்டிருந்தேன். எமல்டா பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆமாங்க. அடுத்தவங்க தபாலைக் கையில வச்சிருக்கறது பெரிய தப்புதான், இல்லையா?"

தலை நிமிரவில்லை அவள். நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்கு வந்த சேதி அது. அவள் மூளை, அவள் ஞாபகம், அவள் வாழ்க்கை. நான் நடுவில் புகுந்து வாங்கி, என் பையில் போட்டுக்கொண்டு, ஊரெல்லாம் கோமாளி வேஷம் போட்டுத் திரிகிறேன். நாலு மணி நேரத் தாமதத்தைக்கூட ஜனங்களிடம் மறைக்காதவள். அவளுக்கு நான் செய்திருப்பது இது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறதிக்காரன் தனியாக வந்ததைப் பார்த்து நர்ஸ் பதறிவிட்டாள். டாக்டரிடம் நேராகச் சொன்னேன்.

"தம்பி, நீங்க படிச்சவரு. ஆனா தபால்ல ஒரு விதி இருக்கு. யாரு பேரு எழுதியிருக்கோ அவங்க கையிலதான் சேரணும். உடைஞ்சிடுவாங்க, அழுவாங்கன்னு நினைச்சு நிறுத்தி வைக்க நமக்கு அதிகாரமில்ல. இது எமல்டாவுக்கு வந்தது. நீங்க என் கையில குடுத்தீங்க, நான் வாங்கிக்கிட்டேன். ரெண்டு பேரும் தப்புப் பண்ணிட்டோம். அவகிட்ட சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு. நீங்க வந்து சொல்லுங்க."

டாக்டர் வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஐயா... அம்மாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். போன மாசம் உங்களை எடை பாக்க அனுப்புனாங்கல்ல? கதவு சாத்துனதும், 'தம்பி, யானை மட்டும்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அவரு அஞ்சையும் முன்னும் பின்னுமா சொன்னாரு. மறதி யாருக்குன்னு கண்டுபிடிக்கத் தனியா படிக்கணுமா? இப்ப என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க'ன்னாங்க. சொல்லிட்டேன். கொஞ்சம் அழுதாங்க. அப்புறம் எது முதல்ல போகும், எது கடைசி வரைக்கும் நிக்கும்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. ஒரு பேஷண்ட்கிட்ட நேரா உக்காந்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை ஐயா."

மீன் குழம்பு, சேலை, பின்னல். பயிற்சி யாருக்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். எழுதவும் வெட்கமில்லை எனக்கு.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

டாக்டர் சிரிப்பை அடக்கினார். "கேட்டேன். 'எனக்குத் தெரியக் கூடாதுன்னு மனுஷன் இவ்ளோ பாடுபடுறாரு. நடிப்பும் நல்லா இருக்கு. கொஞ்ச நாள் பாத்துக்கறேன் தம்பி'ன்னாங்க."

உளுந்து டின்! உளுந்து டின்னுக்குக் கண்ணாடி எப்படிப் போயிற்று என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா விண்ணேற்புத் திருநாள். காலைப் பூசைக்கு முன்னால் அவளை உட்கார வைத்தேன்.

"எமல்டா, உனக்கு ஒரு தபால் இருக்கு. என்கிட்ட தங்கிடுச்சு."

"ரொம்பத் தாமதம்" என்றாள். "சரி, படிங்க. முழுசா."

சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன், இனி என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். தெரிந்த விஷயத்தைத்தான் கேட்கிறாள், ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் கையில் வாங்கிக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டிக் கேட்டாள்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு. சில நாள் எந்திரிச்சதும், இது எந்த வீடுன்னு ஒரு நிமிஷம் தெரியல. ரொம்பப் பயமா இருக்கு. உங்ககிட்ட சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். நீங்க அந்த நேரம் பாத்து என்ன கிழமைன்னு கேப்பீங்க."

இருவரும் சிரித்தோம், அழுதோம், எந்த வரிசையில் என்று நினைவில்லை.

சாயங்காலம் அன்பியம் எங்கள் வீட்டில். மதலேன் என் ஞாபகத்துக்காக மன்றாட வாயைத் திறந்ததும், எமல்டா கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல் வந்தது. ஜங்ஷனின் கடைசி மேடை வரைக்கும் கேட்கிற குரல்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மறதியில் ஓடிக்கொண்டிருப்பதாக அறிவிக்கப்பட்ட ஞானப்பிரகாசம் சரியான நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். அதே தடத்தில் செல்லும் எமல்டா, அல்சைமர் நோய் காரணமாக, இனி தாமதமாக ஓடுவார். சில நிலையங்களில் நிற்க மாட்டார். இதனால் ஏற்படும்... இதனால் ஏற்படும்..."

நின்றுவிட்டாள். ஆயிரம் ஆயிரம் தடவை சொன்ன வரி. உதடு அசைகிறது, சொல் வரவில்லை. அவள் கண் கூட்டத்தைத் துழாவி என்னிடம் வந்து நின்றது.

மெயில் வண்டிக்குள் மூட்டைகளுக்கு நடுவில் நின்று நான் தினமும் கேட்ட வரி அது. "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்றேன்.

"சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று முடித்து உட்கார்ந்தாள்.

யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மதலேன்தான் முதலில் தேறினாள். எமல்டாவின் முகத்துக்கு அருகில் போய்க் கத்தினாள். "எமல்டா! நான் யாரு, தெரியுதா?"

"இட்லிக் குண்டானைத் திருப்பித் தராத மதலேன்."

அப்போது சிரித்தார்கள் பாருங்கள், ஓடு பறந்துவிடும் போல. மதலேனுக்கு மட்டும் ஒரு கவலை. "ஐயோ, வெள்ளித் தலையை அண்ணன் பேருல போட்டுட்டேனே!"

"மாதாகிட்ட சொல்லி என் பேருக்கு மாத்திவிடு. முகவரி மாறினா தபால் திருப்பி விடுறதில்லையா?" என்றாள் எமல்டா. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 16, புதன்

இட்லிக் குண்டான் வந்து சேர்ந்தது.

செப்டம்பர் 6, புதன்

ஆஸ்பத்திரி. ஜெசிந்தாவும் வந்திருந்தாள். இப்போதெல்லாம் தினமும் போனில் அவள் அம்மாவிடமே பேசுகிறாள், சண்டையும் போடுகிறாள். டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். பழக்கதோஷம், பார்வை கதவுப் பக்கம் போயிற்று.

"எடை வீட்டுலயே பாத்துட்டேன் தம்பி" என்றாள் எமல்டா. "சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தார். "போன தடவையைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும்மா. அதிகமில்ல. ஆனா இறங்கியிருக்கு."

"நன்றி" என்றாள். "இன்னொண்ணு கேக்கணும். கடைசியில இவரையும் மறந்துடுவேனா?"

ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் தரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தே சொன்னார். "மறக்கலாம்மா. பேரு மறக்கலாம். யாருன்னும் மறக்கலாம். ஆனா பக்கத்துல இருக்கறவர் நமக்கு வேண்டப்பட்டவர்ங்கிற நினைப்பு ரொம்ப நாள் நிக்கறதைப் பாத்திருக்கேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க யாருன்னு எனக்கு யாராவது சொல்லணும். நீங்களே சொல்லுங்க. நடிக்காம, நேரா சொல்லணும். ஒத்திகை பாக்கணும்."

வீட்டுக்கு வந்து, வாசல் கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன். அவள் உள்ளே நாற்காலியில். கதவைத் தட்டினேன்.

"யாரது?" என்றாள்.

"நான் ஞானப்பிரகாசம். ஆர்.எம்.எஸ். உன் குரலைக் கேட்டு உன்னைக் கட்டிக்கிட்டவன். ஜெசிந்தாவோட அப்பா. மீன் குழம்பு வைப்பேன். தலை பின்னுவேன். உள்ள வரலாமா?"

பதில் வருவதற்குள் மறுபடி தட்டி, "உள்ள வரலாமா?" என்று உரக்கக் கேட்டேன்.

"வரலாம்" என்றாள். "ஆனா இவ்ளோ கத்த வேணாம். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."